சராசரிக்கு ஒப்பாத மன்சூர் பாய்

கூடுவாஞ்சேரியில் ரயிலுக்குக் காத்திருந்தபோது மன்சூர் பாயின் மகன் அழைத்தான். “சார், அத்தா மௌத்தாயிட்டாரு. ஹார்ட் அட்டாக்.” அன்று மாலையே செங்கல்பட்டில் அடக்கம் செய்தோம். அவருடைய நண்பர்களான உங்களில் பலரும் அங்கே இருந்தீர்கள். ஆகவே அவருடைய நற்குணங்களை உங்களுக்கு எடுத்துச் சொல்ல இதை எழுதவில்லை. மறுநாள் எங்கள் அலுவலக இரங்கல் கூட்டத்தில் அவரைப் பற்றி ஒரு பொய் சொல்லப்பட்டது. அதை மறுக்கவே எழுதுகிறேன். “எல்லாரோடும் அனுசரித்துப் போனவர்” என்றார் மேலாளர்.

மன்சூர் பாய் இரைச்சலையும் அதிர்வையும் அளக்கும் பொறியாளர். அவர் அளந்ததைச் சரிபார்த்துக் கையெழுத்திடுவது என் பணி. மாமல்லபுரத்துக்கு அருகே ஒரு மீனவர் குப்பத்தை ஒட்டி விடுதி எழும்பிக்கொண்டிருக்கிறது. அதன் அஸ்திவாரத்துக்காகப் பைல் எனும் தூண்களை மண்ணுக்குள் அடிக்கத் தொடங்கியதும் குப்பத்து வீடுகளில் விரிசல் விட்டது. அளக்கப் போனோம். கருவியை மணல்மேல் வைத்துவிட்டால் வேலை எளிது. ஆனால் தளர்ந்த மணலில் வரும் அளவு நம்பத்தக்கதல்ல. பாய் கன்னியம்மா என்பவரின் வீட்டுச் சுவரோரம் முழங்கை ஆழம் தோண்டி, அஸ்திவாரக் கல்லிலேயே அதைப் பொருத்தினார்.

“இன்னா பாய், என் வூட்டுக்கு ஈசிஜி எடுக்கிறியா?” என்றார் கன்னியம்மா.

“ஆமாம்மா. நெஞ்சுவலி உன் வூட்டுக்குத்தானே?”

“அப்போ அடிக்கிறவனப் போய்ப் புடி. நோயாளியப் போட்டுக் குத்திகினு கீற!”

பாய் வாய்விட்டுச் சிரித்தார். பைல்மேல் சம்மட்டி விழுந்ததும் சிரிப்பு நின்றது. ஒவ்வொரு அடிக்கும் மடிக்கணினித் திரையில் கோடு அனுமதித்த எல்லையைத் தாண்டி எழுந்தது.

பாய் எழுதிக் கொடுத்த அறிக்கை வரைவைப் படித்த மேலாளர், “சாப்ட்வேர்ல நாள் முழுக்கச் சராசரி போடுங்க பாய், எல்லாம் அடங்கிடும்” என்றார்.

“முடியாது சார். ஒருத்தனைப் பளார்னு அறைஞ்சிட்டு, நாள் பூரா சராசரி பார்த்தா தடவிக் குடுத்த கணக்குதான்னு சொல்வீங்களா?”

இது கருத்து வேறுபாடு அன்று. சுவரைப் பிளப்பது அதிர்வின் உச்சம். விதி கேட்பதும் அந்த உச்சத்தைத்தான். விதியைச் சொன்னவரை ஊரப்பாக்கத்திலுள்ள கருவிக் கிடங்குக்கு அனுப்பினார்கள். நான் எழுத்தில் ஆட்சேபித்தேன், பதில் வரவில்லை. பூட்டைத் திறக்கவும் மூடவுமாக, அதிர்வை அறிந்த ஒரு மனிதரை இறுதிவரை அங்கேயே உட்கார வைத்தார்கள்.

இரங்கல் கூட்டம் முடிந்த பிற்பகலில் குப்பத்து அறிக்கை என் மேசைக்கு வந்தது. உச்ச அளவுகள் நீக்கப்பட்டிருந்தன. எல்லாம் சராசரி, எல்லாம் எல்லைக்குள். கீழே, ‘அளந்தவர்: மன்சூர்’. உயிரோடிருந்தபோது அவரிடம் பெற முடியாத சம்மதத்தை, மறுத்துப் பேச அவர் இல்லாத நாளில் எடுத்துக்கொண்டார்கள்.

“இதில் கையெழுத்திட மாட்டேன்” என்றேன் மேலாளரிடம்.

“செத்தவர் வந்து கேக்கப் போறாரா சார்?”

“நான் கேட்கிறேன்.”

அளந்தவர் தந்த எண்களை அவர் ஒப்புதலின்றி மாற்றக்கூடாது என்பது எங்கள் விதி. பாய் முதலில் ஒப்படைத்த வரைவில், உச்ச அளவுகளோடு, கையெழுத்திட்டு, கட்டட அனுமதி வழங்கும் அரசு அலுவலகத்தில் நானே நேரில் கொடுத்துவிட்டு வந்தேன். பைல் அடிப்பதை நிறுத்தும்படி உத்தரவு வந்துவிட்டது. என்னிடம் விளக்கம் கேட்டு எங்கள் நிர்வாகத்தின் கடிதமும் வந்துவிட்டது.

மன்சூர் பாயிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ‘முடியாது சார்’ என்ற அந்தப் பதிலை. அவர் அதைச் சிரித்த முகத்தோடு சொல்வார். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.