பிளாஸ்டிக்குக்குள் போன மெக்சிக்கோத் தாள்

கிறிஸ்துநாயகத்துக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். மன்னாரில் சின்னப் பிள்ளையாக இருந்த காலந்தொட்டு அப்படித்தான். அவன் மெதுவாகப் பேசத் தொடங்கினால் கூடப் பிறந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து முற்றத்துக்குப் போய்விடுவார்கள். லண்டனில் அவனை அப்படிப் பேச வைத்தது ஒரு காசுத்தாள். அதுவும் எந்தக் கடையிலும் செல்லாத, நூறு வருசத்துக்கு முந்தின மெக்சிக்கோத் தாள்.

எண்பத்தைந்தாம் ஆண்டு லண்டனுக்கு வந்தவன் அவன். ஸ்ட்ரெதத்தில் ஒரு கார் பார்க்கின் வாசல் கூண்டில் வேலை, கோலியர்ஸ் வுட்டில் வீடு. சனிக்கிழமைகளில் சாரிங் குறொஸ் பக்கம் முத்திரையும் பழைய காசும் விற்கிற சந்தைக்குப் போவான். முதலில் தேடிப் போனது இலங்கைத் தாள்களைத்தான். அவற்றுக்கு ஆட்கள் முண்டியடித்தார்கள். கடைசி மேசையில் ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய மெக்சிக்கோத் தாள்கள் கிடந்தன. அவற்றை ஒருவரும் கிளறவில்லை. அவன் கிளறினான்.

அந்தக் காலத்தில் அங்கே மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனி வங்கிகள் தாள் வெளியிட்டன. மாடு, ரயில், கதிர்க்கட்டோடு நிற்கிற பெண் என்று மயிரிழை மயிரிழையாகச் செதுக்கி அச்சடித்த படங்கள். ஆனால் அவனைப் பிடித்து வைத்தது படமல்ல, கையொப்பம். முகாமையாளர், காசாளர், அரசாங்கத்தின் மேற்பார்வையாளர் என்று மூன்று பேர் பேனையால் ஒப்பமிட்டால்தான் அது காசு; இல்லாவிட்டால் வெறும் அச்சுக் கடதாசி. சில வங்கிகள் ஒப்பமிட முன்னமே மூடப்பட்டதால் வெறும் தாள்கள் கட்டுக்கட்டாக மிஞ்சின. ஒப்பமிட்டவை கிடைப்பது அருமை. அதனால் மிஞ்சின தாளில் பிறகு தாங்களே கிறுக்கிவிட்டு விற்கிற கள்ளரும் இருந்தார்கள். எது அந்தக் காலத்து மை, எது நேற்றைய மை என்று பிரித்துப் பார்ப்பதுதான் அவன் படித்த படிப்பு. கார் பார்க் கூண்டுக்குள் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு ஆறு வருசம் படித்தான்.

தொண்ணூற்றிரண்டில் அந்தத் தாள் அகப்பட்டது. ஒரு சின்ன மாநில வங்கியினுடையது. அந்த வங்கியின் தாள்களில் ஒப்பமிட்டது ஒன்றுகூட இல்லையென்று சேகரிப்பாளர்கள் முடிவுகட்டி வைத்திருந்தார்கள். இதில் மூன்று ஒப்பமும் இருந்தன, மண்ணிறமாகப் பழுத்துப் போய்.

மாதம் ஒருமுறை சேகரிப்பாளர் சங்கம் புளூம்ஸ்பரியில் ஒரு ஹொட்டேல் அறையில் கூடும். தலைவர் மிஸ்டர் வில்மட், நிதானமான மனிதர். கிறிஸ்துநாயகம் தாளை அங்கே கொண்டுபோய் மேசையில் வைத்தான். வில்மட் அதைக் கையில் எடுக்க முன்னமே பக்கத்தில் இருந்த ஒருவர், கையெழுத்துப் புதிதாகத் தெரிகிறதே என்று சிரித்துக்கொண்டு சொன்னார்.

அந்த வார்த்தையை அவன் முன்னமும் ஒருமுறை கேட்டிருந்தான். நாட்டுக்குள் வந்து இறங்கின அன்று, வேர்வையில் ஊறி மடிப்பெல்லாம் கிழிந்திருந்த அவனுடைய பிறப்புப் பத்திரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த அதிகாரியும் அதையேதான் சொன்னார். அந்த ஒரு சொல்லால் அவனுடைய அகதி வழக்கு எத்தனை வருசம் இழுபட்டது என்பது வீட்டாருக்குத் தெரியும். அன்று பதில் சொல்ல அவனிடம் ஒன்றும் இருக்கவில்லை. இந்த முறை இருந்தது. பழைய மை கடதாசிக்குள் இறங்கியிருக்கும், புதிய மை மேலே நிற்கும். நவம்பர் கூட்டத்துக்குப் பெரிய உருப்பெருக்கி கொண்டுவந்து இரண்டு பக்கமும் பார்த்துத் தீர்ப்போம் என்றார் வில்மட். அந்த நாளுக்காகத்தான் கிறிஸ்துநாயகம் காத்திருந்தான்.

கூட்டத்துக்கு முதல் நாள் வேலையால் வந்தபோது மனைவி இம்மாகுலேற் சிரித்த முகத்தோடு வாசலுக்கு வந்து தாளை அவன் கையில் வைத்தாள். அது கனத்தது. விளிம்பெல்லாம் வழுவழுப்பு. இன்னும் இளஞ்சூடு.

லமினேற் செய்திருந்தாள்.

பிறப்புப் பத்திரம் பட்ட பாட்டுக்குப் பிறகு அந்த வீட்டில் பெறுமதியான கடதாசி எதுவும் வெறுமையாக இருந்ததில்லை. கலியாணப் பத்திரம், ஞானஸ்நானப் பத்திரம் எல்லாம் கஸ்பருடைய போட்டோகொப்பிக் கடைக்குப் போய்ப் பிளாஸ்டிக்குக்குள் வந்தவை. அந்தத் தெருவில் எல்லாத் தமிழ் வீடுகளிலும் அப்படித்தான். கோயிலில் மகளுக்குக் கொடுத்த முதல் நன்மைப் பத்திரத்தோடு இதையும் கொண்டுபோயிருக்கிறாள்.

"ஏன் உதைத் தொட்டனீர்?" என்றான், மெதுவாக.

"மழைக்குள்ளை கொண்டு திரியப் போறீங்கள். நனைஞ்சால் என்ன செய்வீங்கள்? பிறகு அவங்கள் வாய்க்கு வந்தபடி சொல்லுவாங்கள்."

"இனி அவங்கள் ஒண்டும் சொல்லத் தேவையில்லை. நீர் சொல்லி முடிச்சிட்டீர்."

அவளுக்கு விளங்கவில்லை. விளங்கப்படுத்த அவனுக்கு மனமும் இல்லை. நேரே கஸ்பரிடம் போனான். கஸ்பர் எழும்பி நின்று வரவேற்று, இம்மாகுலேற் அக்காவிடம் காசு வாங்கவில்லை என்றும், நல்ல தடித்த பிளாஸ்டிக் போட்டதாகவும் பெருமையாகச் சொன்னான்.

"வெள்ளம் வந்தாலும் ஒண்டும் ஆகாது, அண்ணை."

"கழட்ட ஏலுமோ?"

"கழட்டவோ? அண்ணை, கழட்டுறதுக்கே லமினேற் செய்யிறது?"

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். கஸ்பரின் மெஷினைத் தூக்கி றோட்டில் எறிய வேண்டும் போல அவனுக்கு இருந்தது. சூட்டில் உருகின பசை கடதாசியின் நாருக்குள் போய்விட்டது. இழுத்தால் கடதாசிதான் உரியும். அதை அவன் கஸ்பருக்குச் சொல்லவில்லை. சொன்னால் அவன் மன்னிப்புக் கேட்பான், பிறகு கோபத்தை யாரில் காட்டுவது?

மறுநாள் கூட்ட அறையில் தாளைக் கண்டதும் போனமுறை சிரித்தவர் இந்த முறையும் சிரித்தார். வில்மட் சிரிக்கவில்லை. இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, பிளாஸ்டிக்குக்கு மேலால் மையைப் பார்க்க முடியாது, அதனால் உண்மையென்றும் சொல்ல முடியாது, பொய்யென்றும் சொல்ல முடியாது, சந்தேகத்துக்குரியது என்றுதான் எழுதலாம் என்றார். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆனால் சந்தேகம் என்ற சொல் கிறிஸ்துநாயகத்துக்குக் காதில் அடித்தது.

மேசையில் கடிதம் திறக்கிற சின்னக் கத்தி ஒன்று இருந்தது. அவன் அதை எடுத்தான். வேண்டாம் என்று வில்மட் கை நீட்ட முன்னம் பிளாஸ்டிக்கின் ஓரத்தைக் கீறி, இரண்டு விரலால் பிடித்து, நேரே இழுத்தான். கடதாசி இரண்டாகப் பிளந்தது. மாடும் கதிர்க்கட்டும் பிளாஸ்டிக்கோடு மேலே போயின. அடியில் வெள்ளைப் பஞ்சு போல ஒரு படை மட்டும் மிஞ்சியது. அந்தப் படையில் அச்சு இல்லை. ஆனால் மூன்று கையொப்பங்களும் இருந்தன, மண்ணிறக் கோடுகளாக, கடதாசியின் அடிவயிறு வரைக்கும் இறங்கி.

வில்மட் உருப்பெருக்கிக் கண்ணாடியால் நெடுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு கண்ணாடியைச் சிரித்த மனிதரிடம் நீட்டினார். அவரும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஒப்பமிட்டு வெளிவந்த தாள் என்று சங்கத்தின் சஞ்சிகையில் போடுகிறேன், ஆனால் அந்தத் தாள் இப்போது இல்லை என்பதையும் எழுத வேண்டும், எப்படி அழிந்தது என்று போடுவது என்று வில்மட் கேட்டார்.

வென்றவனுக்கு வர வேண்டிய சந்தோசம் ஒரு துளியும் அவனுக்கு வரவில்லை. நெஞ்சுக்குள் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. உலகத்தில் ஒன்றே ஒன்று இருந்ததை உண்மையென்று காட்டுவதற்காக அவனே பிய்த்துப் போட வேண்டி வந்தது. கஸ்பரின் பெயர் வாயில் வந்தது. இம்மாகுலேற்றின் பெயரும் வந்தது.

"சேகரித்தவரின் கையால் அழிந்தது எண்டு போடுங்கோ" என்ற கருத்தில் இங்கிலீஷில் சொன்னான், வில்மட்டுக்கு மட்டும் கேட்கிற குரலில். வில்மட் அப்படியே எழுதினார்.

வீட்டுக்கு வந்ததும், சங்கத்தில் என்ன சொன்னார்கள் என்று இம்மாகுலேற் கேட்டாள். உண்மையெண்டு சொன்னவை என்றான். பிறகேன் இந்த முகம் என்று அவள் கேட்டாள். நத்தாருக்கு முந்தின திருவருகைக் காலம் தொடங்கும்வரை அவன் அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.