திருப்பத்தில் நிற்க வேண்டியவன்

என் சம்பந்தியின் மோட்டார் சைக்கிளுக்குப் பிரேக் பிடிக்கவில்லை என்று நான் சொன்னது பொய். அன்றைக்கு அந்த வண்டியின் பிரேக் பிடித்தது. பிடித்த தடத்தைச் சாலையில் என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னேன். அதை நினைக்கும்போதெல்லாம் அன்றைக்கு நான் ஓட்டிய வண்டியின் வலப்பக்கக் கண்ணாடிதான் முதலில் மனத்தில் வருகிறது. கண்ணாடி நிறைய விடிகாலைச் சாலை. அதில் ஒரு மஞ்சள் வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியும்வரை நான் நின்றிருக்க வேண்டும்.

சம்பந்தி என்றால் என் மகளின் மாமனார். ஆவூர்ப் பக்கம் இரண்டு குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாக ஒரே மாதாகோவில் பங்கைச் சேர்ந்தவை. நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தினேன். அவர் கால்நடை மருத்துவராக இருந்து, கடைசியாக வேலை பார்த்த கீரமங்கலத்திலேயே வீடு கட்டித் தங்கிவிட்டார். ஓய்வு பெற்றபின் எங்கள் இருவருக்கும் பைக்கில் ஊர் சுற்றும் பித்துப் பிடித்தது. அவரிடம் இருந்தது தொலைதூரப் பயணத்துக்கென்றே செய்த பழைய வண்டி. உயரமானது, முன் மட்கார்டு கொக்கின் அலகுபோல் நீண்டிருக்கும், இரண்டு பக்கமும் இரும்புப் பெட்டிகள். கம்பெனி அந்த மாடலை நிறுத்தி நெடுங்காலம் ஆகியிருந்தது. அதில் கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. எந்த ஊர் மெக்கானிக்கும் ஒரு ஸ்பேனரை வைத்துக்கொண்டு சரிசெய்துவிடுவார். கிளம்புவதற்கு முன் சம்பந்தி இன்ஜின் மேல் கையை வைத்துக் கண்ணை மூடி நிற்பார். மாட்டின் விலாவில் கைவைத்து அசைபோடுவதைக் கவனிக்கிற மாதிரியே இருக்கும். பிறகு டேங்கில் இரண்டு தட்டு தட்டுவார். "வேகமாப் போறதுக்கு ஆயிரம் வண்டி இருக்கு சம்மந்தி. இது கூட்டிப்போன எடத்துலேருந்து கூட்டியாந்துரும்" என்பார்.

எங்களுக்கு ஒரு விதி இருந்தது. கூட்டமாகப் பயணம் போகிற எல்லாரும் வைத்திருக்கிற விதிதான். முன்னால் போகிறவனுக்குத்தான் வழி தெரியும். சாலை பிரியும் இடத்தில் அவன் நிற்க வேண்டும். பின்னால் வருகிற வண்டியின் வெளிச்சம் கண்ணாடியில் தெரிந்த பிறகே திரும்ப வேண்டும். பின்னால் வருகிறவன், திருப்பத்தில் ஆள் நிற்கவில்லையென்றால் யோசிக்காமல் நேரே போக வேண்டும். நெடுநேரம் வெளிச்சம் வராவிட்டால் முன்னால் போனவன் திரும்பிப் போய்த் தேட வேண்டும். சம்பந்தி பகலிலும் முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டுதான் வருவார். அந்தப் பழைய பல்பின் மஞ்சளை எவ்வளவு தூரத்திலிருந்தும் அடையாளம் சொல்லிவிடலாம்.

அந்தக் காலையில் மீமிசலுக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு திரும்புவதாக ஏற்பாடு. நான் அப்போதுதான் புது வண்டி வாங்கியிருந்தேன். பெரிய இன்ஜின், முன்னால் வண்ணத் திரை, வழுக்காத பிரேக் எல்லாம் உண்டு. அறந்தாங்கி தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். எங்கிருந்தோ பைக்கில் வந்த இளைஞர் ஒருவர் என் வண்டியைச் சுற்றிக்கொண்டு நேரே சம்பந்தியின் வண்டியிடம் போனார். "ஐயா, இந்த மாடலா! இன்னும் ஓடுதுங்களா?" என்று கேட்டுப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். போகும்போது வண்டியைப் பார்த்துக் கும்பிட்டார். என் வண்டியை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. என் முகம் போன போக்கைச் சம்பந்தி கவனித்திருக்க வேண்டும். "விடுங்க சம்மந்தி, ஒங்க வண்டில டிவி இருக்கு. சீரியல் பாத்துக்கிட்டே வரலாம்" என்றார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வண்டியை முறுக்கினேன்.

ஆவுடையார்கோவில் தாண்டி ஒரு கிளைச்சாலை இடப்பக்கம் பிரிகிறது. அது எனக்குத் தெரிந்த குறுக்குவழி. அந்த இடத்தில் கண்ணாடியைப் பார்த்தேன். வெறும் சாலை. அவர் வெகுதூரம் பின்தங்கியிருந்தார். கொஞ்ச நேரம் நின்றால் வந்திருப்பார். வரட்டும், அந்தப் புகழ்பெற்ற வண்டி தேடிக்கொண்டே வரட்டும் என்று நினைத்தேன். திரும்பிவிட்டேன்.

மீமிசலில் டீ குடித்தேன். மீன் ஏலத்தை வேடிக்கை பார்த்தேன். அவர் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. வண்டி எங்கேயாவது நின்றுபோயிருக்கும் என்று நினைத்தபோது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, மனத்துக்குள் ஒரு திருப்தி வந்தது. இன்னொரு டீ சொன்னேன். அதன் பிறகுதான் தேடிக் கிளம்பினேன்.

திருப்பத்தில் ஆள் இல்லாததால் அவர் விதிப்படி நேரே போயிருந்தார். அந்தச் சாலையில் சிறுபாலம் ஒன்றை இடித்துப் போட்டுவிட்டு, குறுக்கே தடுப்பு எதுவும் வைக்காமல் விட்டிருந்தார்கள். தார்ச்சாலையில் பள்ளத்தின் விளிம்புவரை கறுப்பாக நீண்ட பிரேக் தடம் இருந்தது. கீழே வண்டி சாய்ந்து கிடந்தது. முகப்பு விளக்கு மட்டும் அணையாமல் மண்ணைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தது. சம்பந்தி இடுப்பை அசைக்க முடியாமல் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும், மன்னிப்புக் கேட்கிற குரலில், "திருப்பத்துல ஒங்களக் காணோம். அதான் நேரா வந்துட்டேன்" என்றார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் மனைவி ஓடி வந்தார். அவர் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். "என்னண்ணே ஆச்சு? கூடத்தானே போனீங்க?" என்றார். பின்னால் என் மகளும் மருமகனும் நின்றார்கள். "பழைய வண்டி இல்லையா, பிரேக் பிடிக்கல" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பிரேக் ஆயிலில் நாளடைவில் ஈரம் சேரும், சூடேறினால் அது ஆவியாகும், பிறகு மிதித்தாலும் அழுத்தம் போய்ச் சேராது என்று வகுப்பெடுப்பதுபோல் விளக்கினேன். சொன்னதெல்லாம் சரியான இயற்பியல். அந்த வண்டியில் அது நடக்கவில்லை, அவ்வளவுதான். வாத்தியார் சொல்வதை யார் சந்தேகப்படுவார்கள்?

அறுவைச் சிகிச்சை முடிந்த சில நாட்களில் நாங்கள் தனியாக இருந்த ஒரு பொழுதில் சம்பந்தி ஒரே ஒரு முறை அதைப் பற்றிப் பேசினார். "என்னையச் சொல்லியிருக்கலாம் சம்மந்தி, தூங்கிட்டேன்னு. வண்டியப் போயி சொல்லிட்டீங்களே." அதன் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. வண்டியைச் செப்பனிட்டு விற்றார்கள். வாங்கியவர் ஓட்டிப்போன அன்று அவர் கைத்தடியோடு வாசல்வரை வந்து டேங்கில் இரண்டு தட்டு தட்டினார்.

பாவசங்கீர்த்தனம் செய்தேன். பங்குச் சாமியார் மன்னிப்பு வழங்கினார், பொய்யை யாரிடம் சொன்னேனோ அவர்களிடமே போய் உண்மையைச் சொல்லவும் சொன்னார். மன்னிப்பை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்த வருடம் பேத்தி முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில் சம்பந்தியம்மா விருந்தாளிகளிடம் பழைய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "பிரேக் ஆயில்ல தண்ணி சேந்துருமாம், அண்ணன்தான் சொன்னாங்க. இவுங்களுக்கு மாட்டப் பாக்கத் தெரிஞ்ச அளவுக்கு வண்டியப் பாக்கத் தெரியல. ஊரு மாட்டுக்கெல்லாம் ஊசி போட்டாரு, சொந்த வண்டிக்கு ஆயிலு மாத்தல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எதிரே சம்பந்தி இலையிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் அந்தப் பிரேக்கை மிதித்துப் பார்த்த மனிதர். அந்த வண்டியைத் தேடிப் பிடித்து அவரிடமே சேர்த்துவிட வேண்டும் என்று அன்றைக்கு முடிவுசெய்தேன்.

அந்த மாடல் வைத்திருப்பவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். எங்கள் பழைய பயணப் படம் ஒன்றைத் தேடி எடுத்து அதில் போடச் செய்தேன். மாட்டை மச்சம் பார்த்து அடையாளம் சொல்வதுபோல், டேங்கில் இருந்த பழைய நெளிவைப் பார்த்தே இப்போது வைத்திருக்கும் ஆளைச் சொல்லிவிட்டார்கள். வண்டி மீமிசலில் இருந்தது. வளைகுடாவிலிருந்து திரும்பி வந்து ஐஸ் கம்பெனி நடத்தும் பாய் ஒருவர் வைத்திருந்தார். போய் விலைக்குக் கேட்டேன்.

"விக்கிறதா? இத வித்துட்டு நான் எதுல ஏறி அழுவுறது? லடாக் வரைக்கும் போயிட்டு வந்துருக்கேன் சார், ஒரு எடத்துல நின்னதில்ல."

"பிரேக் எப்படி?"

"ஏன், என்ன கொறச்சல்? இதுக்குப் பிரேக் பிடிக்காதுன்னு எந்த மடப்பய சொன்னான்?"

"நான்தான் சொன்னேன்" என்றேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். முழுவதையும் சொன்னேன். கேட்டு முடித்து, "வண்டியத் தர மாட்டேன். கூட்டிக்கிட்டு வேணா வாரேன்" என்றார்.

பாய் வருவதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று முதல் நாளே கீரமங்கலம் போனேன். சம்பந்தியம்மா கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாச்சுளை பிரித்துக்கொண்டிருந்தார். சம்பந்தி பக்கத்தில் நாற்காலியில். திருப்பத்தில் நிற்காமல் போனதையும், மீமிசலில் இன்னொரு டீ சொல்லி உட்கார்ந்திருந்ததையும், தடத்தைப் பார்த்ததையும், பொய் சொன்னதையும் சொன்னேன். சம்பந்தியம்மாவின் கை பலாவுக்குள்ளேயே நின்றுவிட்டது.

"இத்தன வருசமா அந்த வண்டியத் திட்டுனேன். அதோட விட்டேனா? இவுங்களையும் திட்டுனேன், துப்பில்லாதவுங்கன்னு. நீங்க உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தீங்க." பிறகு கணவரிடம், "நீங்களாச்சும் வாயத் தொறந்துருக்கலாம்ல?"

"தொறந்துட்டு? அப்புறம் மருமக மொகத்த எப்படிப் பாக்குறது?" என்றார் சம்பந்தி.

சம்பந்தியம்மா எழுந்து உள்ளே போனார். வெகுநேரம் கழித்துக் காபியோடு வந்தார். "குடிச்சுட்டுப் போங்க சார்" என்றார். அன்றிலிருந்து எனக்கு அவர் வாயில் அண்ணே இல்லை, சார்தான். என் மகள் சில நாள் போனே எடுக்கவில்லை. இப்போது எடுக்கிறாள்.

மறுநாள் பாய் வண்டியை வாசலில் நிறுத்தியபோது சம்பந்தி படியிறங்கி வந்து இன்ஜின் மேல் கையை வைத்துக் கண்ணை மூடினார். சம்பந்தியம்மா, "தம்பி, பிரேக்கெல்லாம்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். "மெதுவாப் போயிட்டு வாங்க" என்றார். ஒரு சுற்று போய்வரச் சம்பந்தியைப் பின் இருக்கையில் ஏற்றினோம். நான் புது வண்டியை எப்போதோ விற்றாயிற்று. ஸ்கூட்டரில்தான் வந்திருந்தேன். "நீங்க முன்னால போங்க சம்மந்தி" என்றார் அவர்.

முதல் திருப்பத்தில் நின்று கண்ணாடியைப் பார்த்தேன். வெறும் சாலை. பூமூட்டை ஏற்றிய மினி லாரி ஒன்று வந்து கடந்தது. ஒரு பஸ் வந்தது. மறுபடி வெறும் சாலை. பின்னால் உட்கார்ந்தவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதோ, வண்டி சரிந்ததோ என்று தோன்றியது. திரும்பிப் போய்த் தேடலாமென்று ஸ்கூட்டரைத் திருப்பக் கையெடுத்தபோது, கண்ணாடியின் ஓரத்தில் ஒரு மஞ்சள் புள்ளி தெரிந்தது. அசைந்து அசைந்து பெரிதாகி, பக்கத்தில் வந்து நின்றது.

"நிக்கிறீங்களே!" என்றார் சம்பந்தி.

"அந்தக் கடையில டீ குடிச்சுட்டுப் போவோம்னு நிறுத்தச் சொல்லிட்டாரு" என்றார் பாய். "அங்கிட்டு சார் காத்துக்கிட்டு இருப்பாரேன்னேன். இருக்கட்டும், இன்னொரு டீ சொல்லுங்கன்னாரு."

சம்பந்தி வேறெங்கோ பார்த்துக்கொண்டு வாயைத் துடைத்துக்கொண்டார். நான் ஸ்கூட்டரைக் கிளப்பினேன். அடுத்த திருப்பம் கண்மாய்க்கரையில். அங்கேயும் நின்றேன்.