சிவப்புப் பென்சிலும் ஒரு பொய்க்கோடும்

என் மேசை இழுப்பறையில் பெருவிரல் அளவுக்குத் தேய்ந்த சிவப்புப் பென்சில் ஒன்று கிடக்கிறது. அது படவரைஞர் அங்கிளுடையது. மெல்பேர்னில் எங்கள் நகரசபைக்கு ஒரு காலத்தில் சொந்த மின்சார, எரிவாயுப் பகுதி இருந்தது. தெருவிளக்கு முதல் குசினி அடுப்பு வரை சபையின் ஆட்களே பார்த்தார்கள், பிறகு விற்றுவிட்டார்கள். அதன் வரலாற்றைச் சிறு நூலாகத் தொகுக்கும் ஒப்பந்த வேலை, மகளுக்கு ஒன்பது மாதமானபோது எனக்குக் கிடைத்தது. ஒரு வசனத்தை எழுதிவிட்டு நாலு தரம் சரிபார்க்கிறவள் நான். அந்தப் பகுதியில் வேலை செய்து ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்துப் படவரைஞர் உதவிக்கு வருகிறார் என்றதும் மூச்சு வந்தது.

செவ்வாய்க்கிழமைகளில் வந்து பெரிய வரைபடத் தாள்களை விரிப்பார். அங்கே ஒரு வழக்கம் இருந்ததாம். தோண்டிக் கண்ணால் கண்ட குழாய்க்கு முழுக்கோடு, யாரோ சொல்லிக் கேட்டதற்குப் புள்ளிக்கோடு. "எஞ்சினியர்மார் காருக்குள்ள இருந்து பாத்தவை, பிள்ளை. நான் குழிக்குள்ள இறங்கினனான்" என்று சிரிப்பார். ஒருநாள் சபைக் கட்டடத்தை ஒட்டிய குழந்தைகள் காப்பகத்தின் தாள் வந்தது. என் மகள் அங்கேதான் இருந்தாள். தோட்டத்தில் ஊஞ்சல் நடத் திங்கட்கிழமை இயந்திரம் வந்து தோண்டப்போகிறது என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அது நான் காணாத கோடு." மழை நாளாம், குழி நிறையத் தண்ணீராம், மேற்பார்வையாளர் சொன்னதை நம்பி முழுக்கோடாகக் கீறிவிட்டார். அந்தக் குழாயில் இன்றும் எரிவாயு ஓடுகிறது. "இதைப் புத்தகத்தில போடாதேங்கோ. முப்பது வருசமா ஒருத்தரும் கேக்கேல்லை."

ரயிலில் வீடு போகும்போது என்னையே விசாரித்தேன். குழாய் கீறிய இடத்திலேயே இருந்தால் ஒரு முதியவரை வீணாகத் தலைகுனிய வைத்தவளாவேன். என் ஒப்பந்தமும் முடியும் தறுவாயில் இருந்தது, சபையைச் சங்கடப்படுத்தினால் நீடிக்கமாட்டார்கள். ஆனால் மடியில் மகள் என் விரலைக் கடித்துக்கொண்டிருந்தாள். இறங்கும் முன்பே அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். "அங்கிள், நாளைக்குச் சொல்லப்போறன். நீங்கள் வந்தாலும் சொல்லுவன், வராட்டியும் சொல்லுவன்." "எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். பிறகு, "வாறன்."

கழுத்துப்பட்டி கட்டி வந்தார். நாங்கள் சொன்னதைக் கேட்ட ஊஞ்சல் வேலைப் பொறுப்பாளர், வரைபடம் தெளிவாக இருக்கிறதே என்று சிரித்தார். "கீறினது நான். பாக்காமல் கீறினனான்" என்று அங்கிள் ஆங்கிலத்தில் சொன்னபோது அந்தச் சிரிப்பு நின்றது. இயந்திரம் வருவதை நிறுத்திவிட்டு மண்வெட்டியால் மெல்லத் தோண்டினார்கள். குழாய், ஊஞ்சல் கால் ஊன்ற அடையாளமிட்ட இடத்துக்கு நேர் கீழே கிடந்தது. இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடிக்க, அங்கிள் குழிக்குள் இறங்கி அதைத் தொட்டுப் பார்த்தார். மேலே வந்து பழைய கோட்டை வெட்டி, சிவப்புப் பென்சிலால் புதியதைக் கீறினார். பென்சிலை என் மேசையில் விட்டுப் போனார், திரும்பக் கேட்கவில்லை.

நூலில் இரண்டு கோடுகளையும், அந்த மழை நாளில் நேர்ந்த தவறையும் சேர்த்தேன். அச்சுக்குப் போகும் முன் அவரிடம் காட்டினேன். நீக்கச் சொல்வார் என்று பயந்திருந்தேன். ஒரே ஒரு திருத்தம்தான் சொன்னார்: "மழை எண்டதை எடுத்துவிடுங்கோ, பிள்ளை. அது நான் பாக்காததுக்குச் சாட்டு."

எடுத்துவிட்டேன். அவர் இன்று இல்லை. ஊஞ்சல் மூன்று எட்டுத் தள்ளி நிற்கிறது. நாலு வயது மகள் இன்னும் உயர ஆட்டச் சொல்லிக் கத்துகிறாள். நான் எழுதுவதில் சாட்டு எங்கே நுழைந்தாலும் அந்தப் பென்சிலால்தான் வெட்டுகிறேன். அதனால்தான் இவ்வளவு தேய்ந்துவிட்டது. மேலே 'மழை நாளாம்' என்று எழுதும்போதும் கை அந்தப் பென்சிலைத் தேடியது.