வாலாஜாபாத்திலிருந்து அத்தைக்கு ஓர் இடம் தேடி

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மே மாதம். முதியோர் இல்லம் தேடி அலைகிற யாருக்காவது உதவும் என்றுதான் அந்தப் பயணத்தை இப்போது எழுதுகிறேன்.

அம்மா இறந்த பிறகு என்னையும் ஸ்டெல்லா அக்காவையும் வளர்த்தவர் அப்பாவின் தங்கை ரோசம்மா. கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அவருக்கு ஞாபகம் தப்பத் தொடங்கியிருந்தது. ஒரு நாள் மண்ணெண்ணெய் அடுப்பை எரியவிட்டு வெளியே போய்விட்டார். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். அதன் பிறகு பள்ளியில் பாடம் நடத்தும்போதே வீடு எரிவது போலத் தோன்றும்.

லண்டனில் நர்ஸாக இருந்த அக்கா விடுமுறையில் வந்திருந்தாள். அத்தையை ஓர் இல்லத்தில் சேர்க்க, அவரோடு நாங்கள் இருவரும் வாலாஜாபாத்தில் காலைப் பேருந்து ஏறினோம். ஒரகடம் சுமார் இருபது கிலோமீட்டர். அங்கே வண்டி மாறினால் ஸ்ரீபெரும்புதூர் இன்னொரு பன்னிரண்டு. (இன்று கம்பெனிகள் நிற்கிற இடமெல்லாம் அப்போது முள்காடு.)

"லண்டன்ல கவுன்சில்லேருந்து, நம்ம முனிசிபாலிடி மாதிரி, ஆள் வூட்டுக்கே வந்து ஒத்தாசை பண்ணுவாங்க மேரி. முடியாதவங்களுக்கு அவங்களே இல்லம் வச்சிருக்காங்க" என்றாள் அக்கா.

அவளுடைய தோழி ஒருத்தி சிங்கப்பூரில் இருந்தாள். "அங்க எப்படிக்கா?" என்று கேட்டேன்.

"புள்ளைங்கதான் பாத்துக்கணும். அப்பா அம்மாவோட இருந்தா கவர்மெண்ட் வூடு சீக்கிரம் கெடைக்குமாம்."

இங்கே ஆதரவற்றவர்களுக்கு முதியோர் பென்ஷன் உண்டு. அத்தைக்கு நாங்கள் இருந்தோம். அதனால் அதுவும் கிடையாது.

ஓடுகிற வண்டியில் அத்தை திடீரென்று எழுந்து படிக்கட்டை நோக்கி நடந்தார். கண்டக்டர் பாய்ந்து பிடித்தார். "இன்னாமா நீங்க, கெட்டியா புடிச்சிக்க மாட்டீங்களா?" அதற்குப் பிறகு அத்தையின் கையை நான் விடவே இல்லை.

கன்னியாஸ்திரீகள் நடத்திய இல்லம் ஸ்ரீபெரும்புதூர் தாண்டித் தண்டலம் பக்கம் இருந்தது. நீளக் கூடம், இரும்புக் கட்டில்கள், கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள். உள்ளே ஓர் அம்மாள் என் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு, "எம் புள்ள அனுப்பிச்சானா?" என்றார்.

நாங்கள் யார் என்று சொல்வதற்குள், "சொந்தக்காரங்க இருக்கறவங்கள சேத்துக்கறதில்லமா" என்ற இல்லத் தலைவி மதர், அத்தையிடம் திரும்பிக் கேட்டார்: "உங்களுக்கு யாரெல்லாம் இருக்காங்க?"

"யாருமில்லமா. இந்தப் பொண்ணுங்க பஸ்ல பாவம் பாத்து கூட்டிகினு வந்துச்சிங்கோ."

மதரின் முகம் இளகியது. அக்கா தரையைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், இடம் கிடைத்துவிடும். அந்தக் கணத்தில் எனக்கு என்னைப் பார்த்தே பயம் வந்தது.

"எங்க அத்த மதர். எங்க ரெண்டு பேரையும் வளத்தவங்க" என்றேன்.

அடுத்த வண்டியிலேயே திரும்பினோம். அக்கா லண்டன் போன பிறகு, பகலில் பக்கத்து வீட்டு லூர்தம்மாள் அத்தையோடு இருந்தார். சமையலறைக்குப் பூட்டுப் போட்டேன். அத்தை இருந்தவரை என் பயம் போகவில்லை. என் பெயரும் அவருக்கு வரவில்லை.

தேடுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். இல்லம் பார்க்க முதலில் நீங்கள் மட்டும் போங்கள். யாரைச் சேர்ப்பார்கள் என்று கேட்டுக்கொண்டு வந்து, பிறகு முடிவு செய்யுங்கள். நீங்கள் கூட்டிப்போன பெரியவரிடம் 'உங்களுக்கு யாரெல்லாம் இருக்காங்க' என்று கேட்டால் என்ன பதில் வரும் என்று உங்களுக்குத் தெரியாது.