வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு வருவான்

“வாங்க, வாங்க!”

கதவைத் தள்ளியதும் ஏழெட்டுத் தொண்டைகள் ஒரே நேரத்தில் கத்தின. தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கடையில் யார் நுழைந்தாலும் அப்படித்தான் கத்துவார்கள். பத்து வருடமாகக் கேட்ட சத்தம்தான். ஆனால் அன்று என் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. குற்றம் செய்தவனுக்கு வரவேற்பு கூட அதட்டலாகத்தான் கேட்கும்.

நம்புகிறவர்கள் நம்புங்கள். அன்று நான் உள்ளே நுழைந்தபோது ஒரு சொட்டு கூடக் குடித்திருக்கவில்லை. மணி மாலை 5.52. கல்லாவுக்கு மேலே கடிகாரம் இருந்தது. பார்த்தேன்.

கொகுரா ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கிறது கடை. நானும் ஷிகெமாட்சுவும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அந்தக் கடையில் எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு பார்லிச் சாராய பாட்டில் உண்டு. குடித்தது போக மிச்சத்தைக் கடையிலேயே விட்டுவைப்போம். கழுத்தில் கட்டிய அட்டையில் இரண்டு பெயரும் இருக்கும். கடைசியாக வந்த நாளிலிருந்து மூன்று மாதம் வைத்திருப்பார்கள். அதன் பிறகு கொட்டிவிடுவார்கள்.

அன்றோடு மூன்று மாதம். முதலாளியம்மா சுருயோ போன் செய்திருந்தார்.

“ஒரிதா-சான், வந்துட்டீங்களா. எங்க உங்க ஜோடி? போன தடவை அவர் மட்டும் வந்து ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாரு. நீங்க வராம பாட்டிலைத் தொடவே மாட்டேன்னுட்டாரு. வெறும் டீயைக் குடிச்சுட்டுப் போனாரு, பாவம். இன்னிக்கு வர்றாரா?”

அவருக்கு விஷயம் தெரியாது. சொல்லியிருக்க வேண்டும். சுற்றிலும் ஒரே சிரிப்பு, கோழி வாட்டும் புகை, “மூணு பீர்!” என்ற கூச்சல். என் வாய் பொய் சொல்லிவிட்டது.

“வருவான். ஆறு மணிக்கு.”

சுருயோ மகிழ்ச்சியாக இரண்டு கிளாஸ் வைத்தார். அவித்த சோயாக்காய் இரண்டு தட்டு வைத்தார். பாட்டிலை நடுவில் வைத்துவிட்டுப் போனார்.

ஷிகெமாட்சு இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

கப்பல் பம்புகளுக்கு வால்வு செய்யும் கம்பெனி எங்களுடையது. ஒவ்வொரு வால்வையும் ஒருவர் சோதித்து, இன்னொருவர் மறுபடி சோதித்து, காகிதத்தில் இரண்டு பேரும் தங்கள் பெயர் முத்திரையைக் குத்த வேண்டும். ஒரு நாள் ஷிகெமாட்சு தன் மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தான். வெளியே லாரி காத்திருந்தது. அவன் டிராயரைத் திறந்தேன். சுண்டுவிரல் அளவு மர முத்திரை. எடுத்துக் குத்திவிட்டேன். எங்கள் ஆபீஸில் அவசரத்துக்கு எல்லோரும் செய்கிற காரியம்தான்.

அந்த வால்வு வெடித்தது. ஒரு தொழிலாளியின் கை வெந்துபோனது.

“மறுசோதனை பண்ணது எவன்?” என்று மேலதிகாரி மேஜையைத் தட்டினார். காகிதத்தில் ஷிகெமாட்சுவின் முத்திரை. அவன் என்னைப் பார்த்தான். நான் என் ஷூவைப் பார்த்தேன். “என் சீல்தான் சார்” என்றான் அவன்.

அன்று சாயங்காலம் என்னிடம் வந்தான்.

“என் சீலை டிராயர்ல காணோம்டா. பார்த்தியா?”

“எனக்கெப்படிடா தெரியும்?”

அது என் கோட்டுப் பையில் இருந்தது. திருப்பி வைக்க மறந்திருந்தேன். வீட்டுக்குப் போகும் வழியில் பாலத்தின் மேல் நின்று முராசாகி ஆற்றில் போட்டேன். ‘ப்ளக்’ என்றது. அது திங்கட்கிழமை.

வியாழக்கிழமை அவன் சொன்னான்: “நம்ம பாட்டில்ல பாதி இருக்கு. நாளைக்கு ஆறு மணிக்கு வா. பேசிக்கலாம்.”

நான் போகவில்லை. வெள்ளிக்கிழமை 7.50-க்கு ஸ்டேஷன் படிக்கட்டில் அவன் சுருண்டு விழுந்தான். இதயம் நின்றுவிட்டது. அப்புறம் அவன் மனைவி சனாயே, கை வெந்த தொழிலாளியின் வீட்டுக்குப் போய்த் தரையில் நெற்றி பட மன்னிப்பு கேட்டாராம். கணவன் செய்யாத தவறுக்கு.

என் கிளாஸ் காலியாக இருந்தது. எங்கள் ஊரில் தன் கிளாஸில் தானே ஊற்றிக்கொள்வது வழக்கமில்லை. பக்கத்தில் இருப்பவர்தான் ஊற்ற வேண்டும். வலப்பக்க மேஜையில் ஒரு வழுக்கைத் தலை தன் கீழ் வேலை செய்பவனை அதட்டிக்கொண்டிருந்தார்.

“என் கிளாஸ் காலியாயிருக்கு, பராக்குப் பார்க்கிறே. உன்னையெல்லாம் எவன்டா வேலைக்கு எடுத்தான்?”

“நீங்கதான் சார்.”

மேஜையே சிரித்தது. நானும் லேசாகச் சிரித்தேன்.

மணி 6.00. கதவு சரக்கென்று திறந்தது.

“வாங்க, வாங்க!”

திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. சுருயோ நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்.

என் மேஜைப் பக்கம் திரும்பினேன்.

என் கிளாஸ் நிரம்பியிருந்தது. ஆவி பறந்தது.

சாராயத்தில் கலக்க நான் வெந்நீர் கேட்கவில்லை. என் முன்னால் பிளாஸ்கும் இல்லை. யாரோ ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்து ஒரு வாய் குடித்தேன். முதலில் வெந்நீர், அதன் மேல் சாராயம். சாராயம் ஆறு பங்கு, வெந்நீர் நாலு. இப்படிக் கலப்பவன் எனக்குத் தெரிந்து ஒருவன்தான்.

‘யாருக்கும் தெரியாத ரகசியமா இது?’ என்று என்னையே அதட்டிக்கொண்டேன். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தேன். மணி 6.07.

பக்கத்துத் தட்டைப் பார்த்தேன்.

சோயாக்காய்த் தோல்கள். ஆறு. வரிசையாக, நுனியெல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி... ஷிகெமாட்சு அப்படித்தான் அடுக்குவான். “ராணுவ அணிவகுப்பாடா?” என்று கேலி செய்வேன்.

கண்ணை மூடித் திறந்தேன்.

ஏழு.

அப்போது சுருயோ துணியோடு வந்தார். “என்ன இது, நாற்காலியெல்லாம் தண்ணி. கூரை ஒழுகுதா என்ன?” பக்கத்து இருக்கையைத் துடைத்தார். முகத்தைச் சுளித்தார். “சே, ஆத்துச் சேறு நாத்தம்.”

துடைத்துவிட்டுப் போனார்.

சொட்... சொட்...

மறுபடி சொட்டியது.

கடைச் சத்தம் எங்கோ தூரத்தில் போய்விட்டது. வழுக்கைத் தலையின் வாய் அசைந்தது. சிரிப்பு கேட்கவில்லை. சொட்டுவது மட்டும் கேட்டது.

என் கிளாஸ் மறுபடி நிரம்பியிருந்தது.

“ஷிகெமாட்சு...” என்றேன். என் குரலே எனக்குக் கேட்கவில்லை.

பாட்டிலின் கழுத்து அட்டை மெல்லத் திரும்பியது.

காற்று இல்லை.

இரண்டு பெயர்கள். அவன் பெயருக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. என் பெயருக்குப் பக்கத்தில்...

சிவப்பாக, வட்டமாக, முத்திரை.

அவனுடைய முத்திரை.

கட்டைவிரலால் தொட்டேன்.

மை ஈரமாக இருந்தது.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. மணி 6.19. தெருவில் நின்று கைக்குட்டையால் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தேன். கட்டைவிரலில் சிவப்பு அப்படியே இருந்தது.

இரவு முழுக்க விளக்கை அணைக்கவில்லை. சனிக்கிழமை காலை 9.10-க்கு ஷிகெமாட்சுவின் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

சனாயே என்னை உள்ளே அழைத்து உட்காரவைத்தார். டீ வைத்தார். நான் குடிக்கவில்லை. தரையில் நெற்றியை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். லாரி. டிராயர். குத்தியது நான். வாய் திறக்காமல் இருந்தது நான். திங்கட்கிழமை சாயங்காலம் முத்திரையை ஆற்றில் போட்டது நான். வரும் திங்களன்று ஆபீஸில் எல்லோர் முன்னாலும் இதைச் சொல்லப் போவதையும், அந்தத் தொழிலாளியின் வீட்டுக்கு நானே போகப் போவதையும் சொன்னேன்.

அவர் அழவில்லை. திட்டவும் இல்லை. டீ ஆறிப்போனது.

“எந்தத் திங்கட்கிழமை?” என்று கேட்டார்.

“அவன்... போறதுக்கு நாலு நாள் முன்னாடி.”

“நல்லா ஞாபகம் இருக்கா? ஆத்துலதான் போட்டீங்களா?”

“சத்தம் கூடக் கேட்டுது.”

அவர் முகம் வெளுத்துவிட்டது. கணவனின் படத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு மிக மெதுவாகச் சொன்னார்:

“ஸ்டேஷன் படியில அவரைத் தூக்குறப்போ சீலு அவர் கைக்குள்ள இருந்தது, ஒரிதா-சான். விரலைப் பிரிக்க முடியாம அப்படியே பெட்டியில வெச்சு எரிச்சோம். எனக்கு ஒண்ணுதான் இன்னிக்கு வரைக்கும் புரியல. அன்னிக்கு மழையே இல்ல... ஆனா அந்தக் கையி மட்டும் சேறும் தண்ணியுமா சொட்டிக்கிட்டே இருந்தது.”