கனவில் தெரிந்த முதுகு

என் மனைவி இறந்தபோது நான் அழவில்லை. விஷக்காய்ச்சலில் பதினெட்டு நாள் கிடந்து, தன் பிறந்த ஊரான ஆவூரில் இறந்தாள். மாதா கோயிலுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். மண் போடச் சொன்னார்கள், போட்டேன். நாலு வயது மகளை அவளுடைய பெரியம்மா வீட்டில், அதாவது என் மனைவியின் அக்காள் வீட்டில் விட்டுவிட்டு அரிமளத்துக்குத் திரும்பினேன். அங்கே நான் ஆரம்பப் பள்ளி வாத்தியார். லீவு முடிந்த அன்று காலை மணியடிப்பதற்குள் போய்க் கையெழுத்துப் போட்டேன்.

சித்திரை பிறந்த பிறகு ஒரு விடியற்காலையில் தலையணை ஈரமாக இருந்தது. கூரை ஒழுகியதோ என்று மேலே பார்த்தேன். மழை பெய்து மாதக்கணக்காகியிருந்தது. கன்னத்தைத் தொட்ட பிறகுதான் தூக்கத்தில் அழுதிருக்கிறேன் என்று தெரிந்தது. விழித்திருந்த எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. பசித்தது. பல் விளக்க வேண்டும் போலிருந்தது. அடுத்த நாளும் அப்படியே. எதைப் பார்த்து அழுகிறேன் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

யுத்தகாலம். நோட்டுப் புத்தகம் கிடைப்பது கஷ்டம். பிள்ளைகளின் பழைய பரீட்சைத் தாள்களை வைத்துக்கொண்டு, எழுந்ததும் முகம் கழுவுவதற்கு முன்பே, பின்பக்கத்தில் பென்சிலால் கனவை எழுதினேன். பானை நிறைய வெந்நீர், அதற்குள் என் செருப்பு. பூட்டிய பள்ளிக்கூடம், உள்ளே யாரோ வாய்ப்பாடு சொல்கிறார்கள். இப்படி எத்தனையோ. ஒன்றில்கூட என் மனைவி வரவில்லை. அதையும் எழுதினேன்.

தலையணை நனைந்த நாட்களைத் தனியே எடுத்துப் பார்த்தபோது எல்லாவற்றிலும் ஒரே கனவு இருந்தது. ஒரு மனிதர் என்னை விட்டு நடந்து போகிறார். முதுகுதான் தெரிகிறது. வெள்ளை வேட்டி. அக்குளில் சுருட்டிய பாய். நான் சின்ன உயரத்தில் நிற்கிறேன். அவருடைய இடுப்புதான் என் கண்ணுக்கு நேராக இருக்கிறது. கூப்பிட வாய் வருவதில்லை. அவர் வளைவில் மறைகிறார். அவ்வளவுதான்.

அது எங்கள் அப்பா என்று முடிவு செய்தேன். அம்மா இறந்தபோது எனக்கும் நாலு வயதுதான். அப்பா எங்களைக் கட்டுமாவடியில் அத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போனார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், எனக்கு நினைவில்லை. என் அக்காளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவள் பிறகு அந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டாள். காலாண்டுப் பரீட்சை லீவில் தாள்களைப் பைக்குள் வைத்துக்கொண்டு அவளிடம் போனேன்.

கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து, கருவாட்டுக்காக மீனைக் கீறி உப்பு வைத்துக்கொண்டிருந்தாள். நான் வாசித்தேன்.

"அப்பாதான் தம்பி," என்றாள். "பாயைத் தூக்கிட்டுத்தான் போனாரு. நீ அழுவல. அழுவலேன்னு அத்தைக்கே பயமாப் போச்சு. சோறு போட்டா தின்ன, படுன்னா படுத்த. ஒன்னர வருசம் கழிச்சு வந்து நின்னப்ப, வாங்கன்னு வேத்தாளைக் கூப்புடுற மாதிரி கூப்புட்ட."

அடுத்த தாளை வாசித்தேன். அதே முதுகு, அன்றைக்கு வெயிலுக்குக் குடை விரித்திருந்தார். அதற்கடுத்த தாளிலும் குடை இருந்தது.

அக்காளின் கை நின்றது. "அப்பாவுக்கு ஏதுடா கொட? தலையில துண்டைக் கட்டிக்கிட்டு வெறுங்காலோட போனாரு."

கதவோரத்தில் சாத்தியிருந்த என் குடையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஆவூரிலிருந்து கிளம்பிய அன்று நல்ல வெயில், குடையை விரித்துக்கொண்டேன். மனைவி படுத்திருந்த பாயை எரிக்கச் சொன்னார்கள். நான் கொடுக்காமல் சுருட்டி எடுத்துக்கொண்டேன். மகள் வாசல் கல்லில் நின்றாள். போயிட்டு வாரேன் என்றேன். திரும்பிப் பார்க்கவில்லை.

"புள்ளையப் போயிப் பாத்தியா?"

"இல்ல."

"எத்தன மாசமாச்சு?"

"எட்டு."

அக்காள் திட்டவில்லை. கையைக் கழுவிவிட்டு உள்ளே போய், ஓலைப் பெட்டியில் கருவாட்டை எடுத்துக் கட்டினாள். "இங்கிட்டு ஒக்காந்து என்ன பண்ணப் போற? இத ஆவூருக்குக் கொண்டுபோயி அவுங்ககிட்டக் குடு," என்றாள். எனக்குக் காது தண்ணீர் புகுந்தது போல அடைத்திருந்தது.

மறுநாள், பெட்ரோல் கிடைக்காமல் அடுப்புக்கரியில் ஓடிய கரிப் பஸ்ஸில் புதுக்கோட்டை போய், வேறு பஸ் மாறி இறங்கி நடந்து, பொழுது சாய ஆவூர் சேர்ந்தேன். மனைவியின் அக்காள், என் மதினி, வாசலில் கடலை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் என் மகள். என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போனாள். ஒளிகிறாள் என்று நினைத்தேன். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வந்தவர்களுக்குக் கொடுப்பது போல.

"கூட்டிட்டுப் போகலாம்னு வந்தேன்," என்றேன்.

"அங்கிட்டு யாரு பாத்துக்குவா? நீங்க பள்ளிக்கூடம் போயிட்டா புள்ள என்ன பண்ணும்?" என்றார் மதினி.

"கூடவே வந்து வகுப்புல ஒக்காரட்டும்."

மகள் எங்கள் இருவரையும் பார்த்தாள். "திரும்பக் கொண்டாந்து விட்டுருவீங்களா?"

எந்தப் பதிலை விரும்பிக் கேட்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. "நீ கேட்டா விடுறேன்," என்றேன்.

"சரி," என்றாள்.

பஸ்ஸில் என் மேல் சாயாமல் ஜன்னல் பக்கம் சாய்ந்து தூங்கினாள். கீரனூர் தாண்டி வாந்தி எடுத்தாள், துண்டில் பிடித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சொன்னதைச் செய்தாள், போட்டதைத் தின்றாள். காலையில் அவளுக்குத் தலைவாரிவிட்டு, உலை வைத்து, நேரத்துக்குக் கிளம்ப வேண்டியிருந்ததால் கனவுகளை எழுதுவது நின்றுபோயிற்று. கனவுகள் வந்தனவா என்று நினைவில்லை. தாள்களை அடுப்புப் பற்றவைக்க எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் வகுப்பில் அவளுடைய சிலேட்டுக்குச்சி ஒடிந்தது. வேறு குச்சி கொடுத்தேன். அதை வாங்காமல் ஒடிந்த துண்டுகள் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். பிள்ளைகள் பாடத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். தூக்கிக்கொண்டு வெளியே வேப்பமரத்தடிக்குப் போனேன். அம்மா என்றாள், பெரியம்மா என்றாள், குச்சி என்றாள். அடுத்த மணி அடிக்கும்வரை அழுதாள். என் கழுத்தை இறுக்கிக் கட்டியிருந்தாள். எனக்கு அழுகை வரவில்லை. அவளை இறக்கிவிடவும் தோன்றவில்லை. இடுப்பில் வைத்துக்கொண்டே உள்ளே போய், மூன்றாம் வகுப்புக்கு ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தேன்.