சாவி திருப்ப ஆளில்லை

வெர்னாவின் பிக்கப் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துபோகும். இருமாது, திணறாது. பட்டென்று உயிர் போய்விடும். ஓரமாக உருட்டி நிறுத்திவிட்டு எத்தனை முறை சாவியைத் திருப்பினாலும் ஸ்டார்ட்டர் சுற்றுமே தவிர எஞ்சின் பிடிக்காது. அரை மணி நேரம் ஆறவிட்டால், ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பிவிடும்.

அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தின் கிழக்குப் பகுதியில், அந்தச் சாலையில் அரை மணிக்கு ஒரு வண்டி வந்தால் அதிகம். இருபுறமும் காய்ந்த புல், முள்கம்பி, பள்ளங்களில் மீந்த பனி. குளிருக்குக் கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பாள்.

வெர்னா பள்ளிக்கூடத்தில் சமையல்காரியாக இருந்தவள். அவள் சுட்ட ரொட்டியைத் தின்ற பிள்ளைகள் வளர்ந்து ஊரைவிட்டுப் போனார்கள், பிறகு பள்ளியையே மூடிவிட்டார்கள். அவளுக்கும் கணவன் ஆர்லோவுக்கும் பிள்ளை இல்லை. மாடுகளையும் விற்றாயிற்று. போன இலையுதிர் காலத்தில் ஆர்லோ அடுப்பை எரியவிட்டுவிட்டு மேய்ச்சல் நிலத்துக்குள் நடந்துபோய், வீடு எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றான். அதற்குப் பிறகுதான் அவனை மைல்ஸ் சிட்டியில் முதியோர் இல்லத்தில் சேர்த்தாள். அவனைப் பார்க்கப் போய்வரத்தான் அந்த வண்டி.

வண்டிக்கு ஏதாவது என்றால் பார்ப்பது எப்போதும் அவன்தான். வெர்னா உள்ளே உட்கார்ந்து, அவன் "அடி" என்றால் சாவியைத் திருப்புவாள், "போதும்" என்றால் விடுவாள். அவளுக்குத் தெரிந்த மெக்கானிக் வேலை அவ்வளவுதான்.

அன்று அவள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தபோது ஆர்லோ ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான்.

"நீங்க இங்க வேலை பாக்கறவங்களா?" என்றான்.

"இல்ல, உன்னப் பாக்க வந்தேன். வழியில வண்டி நின்னுபோச்சு ஆர்லோ."

அவன் நிமிர்ந்தான். "சூடாயிருந்தப்பவா, ஆறியிருந்தப்பவா?"

"சூடானப்புறம்."

"நிக்கறதுக்கு முன்னாடி குலுங்குச்சா?"

"இல்ல. பட்டுனு போச்சு."

"அப்போ பெட்ரோல் கோளாறு இல்ல, பொறிதான் வரல. கண்டென்சரா இருக்கும். பிளக் ஒயரெல்லாம் போய்ச் சேருற டிஸ்ட்ரிபியூட்டர் மூடியத் தொறந்தா சுண்டுவிரல் அளவுக்கு ஒரு தகர டப்பா இருக்கும், அத மாத்துங்க. எவனாவது கார்புரேட்டர்னு சொன்னா நம்பாதீங்க, காசு புடுங்கப் பாப்பானுங்க."

அவன் இப்படிக் கோவையாகப் பேசி எத்தனை மாதம் ஆயிற்று! வெர்னா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீயே வந்து மாத்திக் குடேன்."

"முடியாதும்மா." அவன் பணிவாகக் கையை விடுவித்துக்கொண்டான். "என் பொண்டாட்டி கூட்டிட்டுப் போக வர்றேன்னிருக்கா. நான் இங்கயே இருக்கணும்."

மறுநாள் காலை அவள் அந்த மூடியைத் திறந்தாள். தகர டப்பா எதுவும் இல்லை. உதிரிபாகக் கடைக்குப் போனாள். கடைக்காரன் டுவெய்ன், அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்து ஊரிலேயே தங்கிவிட்ட ஒன்றிரண்டு பேரில் ஒருவன்.

"கண்டென்சரா? உங்க வண்டியில அது கெடையவே கெடையாது வெர்னாம்மா. நீங்க முன்னாடி வச்சிருந்தீங்களே பச்ச வண்டி, ஆர்லோ அதச் சொல்லியிருப்பாரு."

பச்சை வண்டி. கல்யாணமான புதிதில் வாங்கியது, எப்போதோ விற்றுவிட்டார்கள். ஆர்லோ இன்னும் அதில்தான் போய்க்கொண்டிருக்கிறான். பக்கத்து இருக்கையில் இருப்பவளும் இந்த வெர்னா இல்லை.

"எனக்கு இக்னிஷன் மாட்யூல் மேலதான் சந்தேகம்," என்றான் டுவெய்ன். "எஞ்சின் பக்கத்துல, சக்கரத்துக்கு மேல உள்ள தகட்டுல இருக்கற அலுமினிய டப்பா, பொறிய வரவைக்கறது அதுதான். சூடானா சில சமயம் செத்துப்போகும். அடுத்த தடவ நின்னா, பிளக் ஒயர் ஒண்ண உருவி, அதுல பழைய பிளக் ஒண்ண மாட்டி, எஞ்சின் இரும்பத் தொடற மாதிரி வைங்க. யாரையாவது சாவி திருப்பச் சொல்லிட்டு, பொறி வருதான்னு பாருங்க."

"யாரடா சொல்றது?"

டுவெய்ன் ஒரு ஸ்குரூடிரைவரை எடுத்து வந்தான். பிறகு, ஆளில்லாமலே எஞ்சினைச் சுற்றவைக்க வழி சொல்லிக்கொடுத்தான். கியரை நியூட்ரலில் போட்டு, கைபிரேக் இழுத்து, சாவியை ஆனில் விட்டுவிட்டு, ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் அனுப்பும் ரிலேயின் இரண்டு போல்ட்டையும் ஸ்குரூடிரைவரால் சேர்த்துத் தொட வேண்டும். "பட்டாசு மாதிரி தெறிக்கும், பயந்துடாதீங்க."

அடுத்த வாரம் போகும் வழியில் வண்டி நின்றது. வெர்னா பானட்டைத் தூக்கி, டுவெய்ன் சொன்னபடி செய்தாள். ஸ்குரூடிரைவர் முனையில் தீப்பொறி தெறித்தது. எஞ்சின் சுற்றியது. பிளக்கில் பொறி இல்லை. அலுமினிய டப்பாவில் கை வைத்தாள், சுட்டது. பள்ளத்தில் இறங்கிப் பனியைக் கைநிறைய அள்ளி வந்து அதன்மேல் அப்பினாள். உருகி வழிந்ததும் இன்னொரு பிடி. அது ஆறியதும் மறுபடி தொட்டாள். பிளக் முனையில் நீலமாக, டக் டக்கென்று பொறி விழுந்தது.

"இதுதான்!" என்று கத்திக்கொண்டே திரும்பினாள். முள்கம்பியில் காற்று ஊளையிட்டது. வேறு யாரும் இல்லை.

டுவெய்ன் கொடுத்த புது மாட்யூலை அவளே மாட்டினாள். இரண்டு போல்ட், இரண்டு இணைப்பு, அவ்வளவுதான். அடுத்த முறை ஆப்பிள் வைத்துச் சுட்ட பலகாரமும் எடுத்துக்கொண்டு ஆர்லோவிடம் போனாள்.

"வண்டி சரியாயிடுச்சு ஆர்லோ."

"எந்த வண்டிம்மா?"

அவள் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன் பலகாரத்தைத் தின்றுகொண்டே, அயலார் வீட்டு நல்ல செய்தியைக் கேட்பதுபோல் கேட்டான்.

"கெட்டிக்காரிதான் நீங்க," என்றான். "உங்க வீட்டுக்காரரு குடுத்துவச்சவரு."

"ஆமா," என்றாள் வெர்னா. அவன் வாயோரத்தில் ஒட்டியிருந்த துணுக்கைத் துடைத்துவிட்டாள். அவன் விலகவில்லை.

திரும்பும் வழியில் வண்டி எங்கும் நிற்கவில்லை. அதனால் வெளிச்சம் இருக்கும்போதே வீடு வந்துவிட்டது. உள்ளே போய் என்ன செய்வது என்று தெரியாமல், எஞ்சினை அணைக்காமல் முற்றத்திலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அது சீராக ஓடிக்கொண்டிருந்தது.